சீனிவாசலுவின் வயிற்றுக் காற்று

பீளமேட்டு சீனிவாசலுவுக்கு வந்திருப்பது வயிற்றுக் காற்று என்று முடிவுகட்ட அவருடைய உறவுக்காரர்களே போதுமாக இருந்தார்கள், டாக்டர் தேவைப்படவில்லை. நான்கு நாளாக, சாப்பிட்ட அரைமணிக்குள் தொப்புளுக்கு மேலே கத்தி செருகியதுபோல வலி. மைத்துனர்கள் பெருங்காயம் கரைத்தார்கள். அவருடைய மில் மேனேஜர் சோடா வாங்கி வந்தார். வெறும் வயிறானால் காற்று ஏறும் என்று மனைவி பங்காரம்மா விடாமல் ஊட்டினார்.

ஐந்தாம் நாள் காலை இரண்டு காரில் ஸ்கேன் சென்டருக்கு வந்தார்கள். அது தொண்ணூற்றேழாம் வருஷம்; அப்போது ஸ்கேன் எடுத்துக்கொள்வதற்கே ஒரு மரியாதை இருந்தது.

அங்கே படம் எடுப்பவன் நிஜாம். மாலை வகுப்பில் ரேடியோகிராஃபி படித்துவந்தான். எதையும் மூன்று தரம் பார்ப்பான். மூன்றாம் தரம் பார்த்ததும் முதல் இரண்டையும் சந்தேகப்படுவான். கையில் மருந்து ஏற்றி எடுத்த படங்களைத் திரையில் ஓட்டியவன் பத்தொன்பதாவதில் நின்றுவிட்டான். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அங்கே வெள்ளைப் பொட்டாகத் தெரிய வேண்டும். பொட்டின் குறுக்கே முடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு. தமனியின் உள்தோல் கிழிந்து, ரத்தம் சுவருக்குள் புகுந்து, நல்ல வழியை நெருக்கினால் அப்படித் தெரியும். பாடப்புத்தகம் அதற்கு நான்கே வரி ஒதுக்கியிருந்தது. அதில் ஒன்று, மிக அரிது என்பது. வழி அடைத்துப்போனால் குடல் செத்துப்போகும்.

சென்டரை நடத்தும் டாக்டர் பாலுசாமியிடம் சொன்னான். அவர் கிளப் விழாவுக்குப் போனில் பூமாலை ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மூச்சு உட்டிருப்பாரப்பா. ஆடுனா கோடு உழுகத்தான் செய்யும்."

"அடுத்த படத்துலயும் இருக்குதுங்க சார்."

"அடுத்த மூச்சும் உட்டிருப்பாரு. நீ மிஷினப் பாரு, வயித்த நான் பாத்துக்கறேன்."

வயிற்றை அவர் பார்க்கவில்லை. நார்மல் ரிப்போர்ட் ஒன்று கம்ப்யூட்டரில் எப்போதும் தயாராக இருக்கும். பேரையும் வயதையும் மாற்றினால் போதும். ஷீட்டுக்குப் பன்னிரண்டு படம் என்பது சென்டரின் வழக்கம். அழகாக விழுந்த கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் அதில் ஏறின; பத்தொன்பதாவது ஏறவில்லை.

பங்காரம்மா கவரைக் கையில் தூக்கிப் பார்த்தார். "ஏனுங்க டாக்டரே, இத்துனூண்டுதானுங்களா? எங்க சம்மந்தியம்மா முட்டி வலிக்கே இதவிடப் பெரிய கவரு குடுத்தாங்க."

சம்மந்தியம்மா போனது எதிர் சென்டர். பாலுசாமிக்கு அது பொறுக்கவில்லை. "நிஜாம், அம்மாவுக்கு இன்னொரு ஷீட்டு போட்டுக் குடு. எதையாச்சும் போடு."

நிஜாம் பத்தொன்பதிலிருந்து முப்பதுவரை போட்டான். கோட்டைச் சுற்றி மஞ்சள் பென்சிலால் வட்டமிட்டான், அழித்தான், மறுபடியும் இட்டான். கவர் கனத்ததும் பங்காரம்மாவின் முகம் மலர்ந்தது.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு சீனிவாசலு சுருண்டு விழுந்தார். கவரோடு அவரைச் சர்ஜன் கந்தப்பனிடம் கொண்டுபோனார்கள். நான்கு மணிக்கு சென்டரில் போன் அடித்தது. நிஜாம் எடுத்தான்.

"கந்தப்பன் பேசறேன். ரிப்போர்ட்டு நார்மல்ங்குது. படத்துல வட்டம் போட்டது யாரு?"

எதிரே பாலுசாமி நின்றிருந்தார். டாக்டர் போட்டது என்றால் தன் வேலை பிழைக்கும். ஆனால் அடுத்த கேள்வியைப் பாலுசாமியிடம் கேட்பார்கள். மூச்சு என்று சொல்லி அவர் முடித்துவிடுவார்.

"நான்தானுங்க சார். நாலு படத்துல அதே கோடு இருக்குதுங்க. மூச்சுன்னா பக்கத்துல இருக்கற பெரிய தமனியும் ஆடியிருக்கோணும். அது ஆடலைங்க."

"நானும் அதத்தான் நெனச்சேன். வாய்வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாதுங்கறேன், இந்தம்மா கேக்க மாட்டேங்குது. நீயே சொல்லு."

போன் கை மாறியது. "பட்டினி போட்டா காத்து ஏறுமே கண்ணு," என்றார் பங்காரம்மா.

"காத்தே இல்லீங்கம்மா. ரத்தக்குழா கிழிஞ்சிருக்குது. இப்பத் தின்னாருன்னா குடலே போயிருமுங்க."

பாலுசாமி மஞ்சள் பென்சிலை எடுத்துத் தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

சீனிவாசலு ஐந்து நாள் பட்டினி கிடந்தார். குளுக்கோஸ், ரத்தம் உறையாமலிருக்க ஊசி, பிரஷர் மாத்திரை. வலி அடங்கியது. கத்தி வைக்காமலே குணமானதில் உறவினர்களுக்கு ஏமாற்றம். அதற்குக் காற்றே தேவலை என்றார் ஒரு மைத்துனர்.

ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். "அன்னைக்கே எனக்கொரு டவுட்டுங்க," என்று பாலுசாமி ஆரம்பித்து, கிழிசலின் வரலாற்றைக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். சீனிவாசலு மட்டும் குறுக்கிட்டார்.

"இப்ப ரத்தம் போகுதுங்களா?"

பாலுசாமி இன்னும் படத்தைப் பார்த்திருக்கவில்லை. நிஜாமைத் திரும்பிப் பார்த்தார்.

நிஜாம் திரையில் மூன்று தரம் ஓட்டினான். சுவருக்குள் புகுந்த ரத்தம் உறைந்து சுருங்கியிருந்தது. நல்ல வழி விரிந்திருந்தது.

"தாராளமாப் போகுதுங்க," என்றான்.

சீனிவாசலு மேசையிலிருந்து இறங்காமலே மனைவியைப் பார்த்தார். "அப்ப ரெண்டு தோசை சுடச் சொல்லு."