மனப்பாடமான கடைசி வரி

"மூணு மாசத்துல ஏழு தடவை! நீ கண்ணாடி வாங்கப் போறியா, கண்ணாடிக் கடையில குடித்தனம் பண்ணப் போறியா?"

"மெதுவாப் பேசுடா. பக்கத்து வீட்டுக்குக் காது இருக்கு."

பக்கத்து வீடு என்றால் நான்தான். காது இருந்தது உண்மை. அது சுவரோடு ஒட்டியிருந்ததும் உண்மை. கத்தியவன் தம்பி. அடக்கியவள் அவனுடைய அக்கா, எங்கள் தெருத் தையல்காரி. வயது நாற்பத்தெட்டு. தம்பியைப் படிக்கவைத்து, கல்யாணம் பண்ணிவைத்து, தன் கல்யாணத்தை மட்டும் வெட்டாத துணி மாதிரி மடித்து அலமாரியில் வைத்துவிட்டவள்.

"என் சகலை அவ்வளவு பெரிய கடை வெச்சிருக்கான். மெஷின்ல கண்ணை வெச்சா ரெண்டு நிமிஷம். அரை மணியில கண்ணாடி கையில. உனக்கு என்ன வந்துச்சு?"

"அங்க கண்ணைப் பரிசோதிக்கிறது யாருன்னு கேட்டேன். மெஷினே பாத்துக்கும்னான். அளவு எழுதின சீட்டைக் குடுன்னேன். நமக்குள்ள சீட்டு எதுக்கு அக்கான்னான். ஒரு சட்டைக்கே நான் ஏழு இடத்துல அளவெடுக்கறேன்டா!"

"சரி, அந்த ஆளு ரெண்டு தடவை மாத்திப் போட்டுக் குடுத்தானே, அதுல மட்டும் ஊசி கோக்க வருதா?"

அக்கா மெஷினை வேகமாக மிதிக்க ஆரம்பித்தாள். இசைக்குழு ஒன்றுக்கு இருபது கறுப்புக் கோட்டுகள் தைக்க ஒப்புக்கொண்டிருந்தாள். கறுப்புத் துணி, கறுப்பு நூல். தைத்த முதல் கோட்டின் காலர் பாம்பு போல் நெளிந்து திரும்பி வந்திருந்தது. இன்னும் ஒன்று நெளிந்தால் மொத்த வேலையும் கைநழுவும். அவள் பெயரும் கூடவே போகும்.

'அந்த ஆளு' எங்கள் சந்தின் முனையில் ஒற்றை அறையில் கடை வைத்திருந்த கண்ணாடிக்காரர். மனைவி இறந்து ஆறு வருடம். மற்ற கடைகளில் பட்டச் சான்றிதழ் உத்தரத்தை ஒட்டித் தொங்கும், பல்லிதான் படிக்க வேண்டும். இவர் பதிவு எண்ணோடு அதை நம் கண்ணுக்கு நேராக மாட்டியிருந்தார். "படிக்கத்தானே மாட்டியிருக்கேன்" என்பார். பரிசோதித்ததும் சீட்டு எழுதிக் கையில் கொடுத்து, "கண்ணாடி எங்க வேணா போட்டுக்கங்க" என்பார். இப்படி வியாபாரம் செய்தால் விளங்கும் என்று தெருவே சொன்னது. ஆனால் கண்ணில் ஏதாவது என்றால் தெரு அவரிடம்தான் போனது.

தையல்காரி முதல் தடவை போனபோது, அவளுடைய டேப்பையே வாங்கி, தைக்கிற மாதிரி குனிந்து உட்காரச் சொல்லி, கண்ணுக்கும் ஊசிக்கும் உள்ள தூரத்தை அளந்திருக்கிறார். "புத்தகம் படிக்கிற தூரம் வேற, நீங்க தைக்கிற தூரம் வேற" என்றாராம். இதை அவள் என்னிடம் நான்கு தடவை சொன்னாள். நான்காவது தடவை எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

சண்டை முடிந்த மறுநாள், எட்டாம் தடவை கிளம்பினாள். துணைக்கு வருகிறேன் என்று நானே ஒட்டிக்கொண்டேன். நல்லெண்ணம்தான். கொஞ்சம் வேடிக்கை பார்க்கும் எண்ணமும்.

"நீங்க ஒண்ணும் பேசக் கூடாது" என்றாள் வழியில்.

"நான் எப்போ பேசியிருக்கேன்?"

அவள் சிரிக்கவில்லை. புதிதாகத் தைத்த உடுப்பு போட்டிருந்தாள்.

கண்ணாடிக்காரர் நாங்கள் போனபோதே வாடியிருந்தார். "தூக்கமே வரலைங்க. ரெண்டு தடவை மாத்தியும் சரியாகலைன்னா தப்பு எங்கிட்டதான். இன்னைக்கு முதல்லேருந்து பாத்துடுவோம்."

அவள் முகத்துக்கு நேரே குனிந்து அளவுகோலை மூக்கின் மேல் வைத்தார். "என் இடது கண்ணைப் பாருங்க. அசையாதீங்க. இப்போ வலது கண்ணை."

அவள் பார்த்தாள். வேலைக்காகச் சொன்ன சொல்லை அப்படி ஒருத்தி கேட்டு நான் கண்டதில்லை. வாய்த் துடுக்குள்ள எனக்கே அந்த நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளத் தோன்றியது.

"எது வரைக்கும் படிக்க முடியுதோ, படிங்க."

நேரே கடைசி வரிக்குப் போனாள். "ட, ப, க, ர, ம." தடுமாற்றமே இல்லை.

அவர் சுவரிலிருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நானும் பலகையைப் பார்த்தேன். அங்கே அப்படி ஒரு வரியே இல்லை.

"பழசு மஞ்சளாயிடுச்சு" என்றார் மெதுவாக. "இன்னைக்குக் காலையிலதான் புதுசு மாட்டினேன்."

வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தால் திறந்த கதவு வழியாகப் பலகை நன்றாகத் தெரியும். கிட்டப் போய்ப் படித்தும் பார்த்திருக்கிறாள். ஏழு தடவையில் அவளுக்கு அது பாடமாகிவிட்டது.

"ஏங்க?" என்று மட்டும் கேட்டார்.

"கடைசி வரி படிச்சப்போ 'பிரமாதம்'னீங்க. முதல் தடவை" என்றாள் மடியைப் பார்த்துக்கொண்டு. "அது நிஜமாவே படிச்சேன். அப்புறம்... கிழவின்னு நெனச்சுடுவீங்களோன்னு."

தொடர்ந்து இன்னொன்றும் சொன்னாள், எனக்குக் கேட்காது என்று நினைத்து. "என் முகத்தை யாரும் இவ்வளவு நிதானமாப் பாத்ததில்லை."

அவர் காதுவரை சிவந்தார். விளக்கை எடுத்து இடது கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். "மொதல்லயே லேசா மங்கல் தெரிஞ்சுது. கடைசி வரியைப் படிக்கிறவங்களுக்கு என்ன புரைன்னு விட்டுட்டேன். என் தப்பும் இருக்கு. இது கண்புரை. இதுக்குக் கண்ணாடி உதவாது. நான் எத்தனை தடவை போட்டுக் குடுத்தாலும் நீங்க வந்துக்கிட்டேதான் இருக்கணும்."

வந்துகொண்டே இருக்கட்டுமே என்று நான் நினைத்தேன். அவள் நினைத்தது முகத்திலேயே எழுதியிருந்தது. அவரும் ஒரு கணம் நினைத்திருப்பார் போல. பேனா சீட்டின் மேல் நின்றது. பிறகு பெரிய ஆஸ்பத்திரிக் கண் டாக்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு கோட்டுகளுக்கு நான் ஊசி கோத்துக் கொடுத்தேன். என் கண் நன்றாக இருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். மூன்றாம் வாரம் அறுவை சிகிச்சை முடிந்தது. மிச்சக் கோட்டுகளைச் சுருக்கமில்லாமல் அவளே தைத்துக் கொடுத்தாள். காலர் கத்தி போல் நின்றது. தைக்கும் தூரத்துக்கு ஒரு கண்ணாடி மட்டும் வேண்டும் என்றார் டாக்டர். அதற்காகக் கண்ணாடிக்காரரிடம் போய் வந்தவளை வாசலிலேயே மடக்கினேன்.

"என்ன சொன்னார்?"

"என் இடது கண்ணைப் பாருங்கன்னார்."

"அவ்வளவுதானா?"

"அவர் கண்ணோரத்துல நிறைய சுருக்கம். இத்தனை நாள் தெரியவே இல்லை" என்றாள். யாரும் காணாத புதையலைத் தான் மட்டும் கண்டுவிட்டவள் போலச் சொன்னாள்.

அடுத்த வருடம் தம்பி, சகலையோடு கூட்டுச் சேர்ந்து வேறு ஊருக்குக் குடிபோனான். கண்ணாடிக்காரரும் கடையைக் காலி செய்துவிட்டு, பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரத்தில் மகள் இருக்கும் ஊருக்கே போய்விட்டார். அங்கேயும் ஒற்றை அறைதானாம். சான்றிதழ் கண்ணுக்கு நேராகத்தானாம். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்வார்கள் என்று நான் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்ததுதான் மிச்சம்.

மாதம் ஒருமுறை தையல்காரியின் கண்ணாடிக் காதில் திருகு கழன்றுவிடுகிறது. காலை பஸ்ஸில் போய் முடுக்கிக்கொண்டு மாலை பஸ்ஸில் திரும்புகிறாள். எங்கள் தெருவிலேயே இப்போது மூன்று கண்ணாடிக் கடை இருக்கிறது. போதாததற்கு, அவள் தையல் மெஷின் டிராயரில் ஒரு குட்டித் திருப்புளியும் இருக்கிறது. கழற்றவும் அதுவே போதும், முடுக்கவும் அதுவே போதும்.

நான் இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை. என் வாழ்நாளில் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் இதுதான்.