பத்து எண்ணும் வரை

இந்தக் காலத்து ஜனங்களைப் பற்றி நான் வாயைத் திறந்தால் வீட்டில் யாருக்கும் பிடிப்பதில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும். சாப்பிடுகிற தட்டைப் படம் எடுக்கிறார்கள், புதுச் செருப்பைப் படம் எடுக்கிறார்கள், அடிபட்டுக் கிடப்பவனைத் தூக்காமல் அவனையும் எடுக்கிறார்கள். எடுத்ததைத் திரும்பிப் பார்த்தவன் ஒருவனையும் நான் கண்டதில்லை. அதே ஆட்கள்தான் எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு மரப்பெட்டிக்கு முன்னால் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்காருகிறார்கள்.

பெட்டி என் மருமகள் கையால் செய்த கேமரா. பலகையை அறுத்து, ஆணி அடித்து, கறுப்பு அடித்து, முன்னால் ஒரு கண்ணாடியை மாட்டியிருக்கிறாள். உள்ளே பிலிம் கிடையாது, மருந்து தடவிய தாள்தான். மூடியை எடுத்துவிட்டுப் பத்து எண்ணுவாள். அதுவரை உட்கார்ந்திருப்பவர் இமைகூட அசைக்கக்கூடாது. பிறகு குளியலறையில் சிவப்பு பல்பைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவசரம் என்றால் நான் பக்கத்து வீட்டுக்காரனிடம் போய்ப் பல்லைக் காட்ட வேண்டும். மகன் வெளியூரில் வேலையில் இருக்கிறான், அவனுக்கென்ன.

ஒரு நாள் வயதான டிரைவர் ஒருவரை அவர் மனைவி கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். காலமெல்லாம் பஸ் ஓட்டிய ஆள். இப்போது தலையும் தாடையும் கையும் ஓயாமல் ஆடுகின்றன. ஞாபகமும் போய்விட்டது. மறுநாள் காலையில் அவரை ஒரு முதியோர் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறார்களாம். அவர்கள் மகன் முடிவு செய்துவிட்டான். அந்த அம்மாவுக்கு அங்கே இடம் கிடையாது. மகன் வீட்டில் அவளுக்கு ஒரு அறை ஒதுக்கியிருக்கிறார்களாம். அதன் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று வந்திருந்தாள்.

ஆடுகிற ஆளுக்கு இந்தப் பெட்டி ஆகாது, போனில் எடுத்துத் தருகிறேன் என்று மருமகள் நியாயமாகத்தான் சொன்னாள். போனைத் தூக்கினதுமே டிரைவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் யாரோ கண்ணில் வெளிச்சம் அடித்ததிலிருந்து இப்படித்தானாம். மரப்பெட்டியை மட்டும், யார் வீட்டு அலமாரியோ என்பது போல முகத்தை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகளிடம் பெட்டிக்குள் வைக்கிற தாள் மூன்றுதான் மீதி இருந்தது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு முதல் தாளில் எடுத்தாள். குளியலறைக்குப் போய்வந்தவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்ததை மாட்டினாள். கூட்டிவந்த அம்மா எதிரில் நின்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, இதோ ஆயிடுச்சு, இதோ ஆயிடுச்சு என்றாள். அவள் குரலைக் கேட்டதும் அவர் தலை இன்னும் கூடுதலாக ஆடியது. அந்தத் தாளும் வீண்.

எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். "துண்டை எடுத்து நாற்காலியோட சேத்துக் கட்டிடலாம். பத்து எண்ணுறதுக்குள்ள என்ன ஆயிடப்போவுது?"

"வேணாம்யா" என்றாள் அந்த அம்மா. "அங்க போனா கட்டித்தான் போடுவாங்களாம். இங்கயாவது வேணாம்."

மருமகள் என்னைப் பார்த்தாள். "மாமா, பின்னாடி நின்னு நீங்க பிடிச்சுக்குங்க."

நாற்காலி முதுகில் முழங்கையை ஊன்றி, டிரைவரின் தலையை இரண்டு பக்கமும் பிடித்தேன். வண்டி நின்ற பிறகும் அணைக்காமல் விட்ட எஞ்சின் போல உள்ளே அதிர்ந்துகொண்டே இருந்தது. மருமகள் கடைசித் தாளை வைத்து மூடியை எடுத்தாள். நான் அழுத்தினேன். மூட்டை சுமந்த கை இது. அவர் ம்ம் என்று முனகினார். வலிக்கிறது போல. பிடியை விட்டுவிடவும் முடியவில்லை, இறுக்கவும் முடியவில்லை. கை இருந்த இடத்தில் இருக்க, அதற்கு நடுவில் அந்தத் தலை அதுபாட்டுக்கு ஆடியது. மருமகள் எண்ணிய பத்தைப் போல நீளமான பத்தை நான் கேட்டதில்லை.

இந்தத் தாளில் முதலில் எல்லாம் தலைகீழாக வரும், வெள்ளை கறுப்பாக, கறுப்பு வெள்ளையாக. அதை வேறு ரகத் தாளில் படிய வைத்து எடுத்தால்தான் ஆள் ஆளாகத் தெரிவான். எல்லாம் முடித்து, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்தாள். நாற்காலியின் மரத்தில் இருந்த வெடிப்புகூட விழுந்திருந்தது. சட்டைக் காலர் விழுந்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை. புகையின் இரண்டு பக்கமும் என் கைகள், நகத்து அழுக்குகூடத் தெளிவாக.

"முகமே விழலியேம்மா" என்றேன். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

அந்த அம்மா படத்துக்குக் கிட்டே குனிந்தாள். "இது யாரு கை?"

"என்னோடதுதான்."

"இருக்கட்டும்யா. யாரோ பிடிச்சிட்டிருக்காங்கன்னு தெரியுதுல்ல."

காயவைத்துத் தரும்படி கேட்டு, காய்ந்ததும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். டிரைவரை எழுப்புவதற்குத்தான் பாடு. நாற்காலியின் கையை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக அவளே பிரித்தெடுத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உதவிக்குப் போகலாமா கூடாதா என்றே தெரியவில்லை.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் மருமகள் மருந்துத் தட்டுகளைக் கழுவிக்கொண்டே, "நல்ல படம் மாமா, நான் எடுத்ததுலயே நல்ல படம்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

என்ன நல்ல படம்? கேட்டவளுக்குப் புருஷன் முகம் இல்லை. கேட்காத என் கை போய் யார் வீட்டுச் சுவரிலோ தொங்கப் போகிறது. பிடித்திருப்பது தெரிகிறதாம். பிடித்தேன், சரி. பிடித்ததில் ஆட்டம் நின்றதா? நிற்கவில்லையே. நிற்காததைப் பிடித்திருப்பதற்குப் பெயர் என்ன என்று இவர்களில் ஒருத்தியாவது எனக்குச் சொல்லட்டும்.

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தேன்.