ஓரத்தில் ஒரு முழு வட்டம்

மாப்பிள்ளை போட்டோ எது வந்தாலும் பிரின்ஸ் முகத்தைப் பார்க்க மாட்டான். முகத்துக்குப் பின்னால் இருப்பதைத்தான் பார்ப்பான். முகம் பவுடர் போட்டுக்கொண்டு வந்து நிற்கும், பின்புறத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது போடிநாயக்கனூரில் ஸ்டுடியோ வைத்துப் பிழைக்கும் அவனுடைய கட்சி.

தங்கச்சி கிருபாராணிக்கு வந்த முதல் மாப்பிள்ளை அப்படித்தான் அடிபட்டான். பின்புறம் மங்கியிருந்தது சரி, கூடவே மாப்பிள்ளையின் காதுமடலும் பாதி மங்கியிருந்தது. "இது லென்சு பண்ணுன பிளர் இல்லப்பா, போனு பண்ணுனது. பின்னாடி எதையோ மறைக்கிறான்" என்றான். இரண்டாவது ஆளுக்குப் பின்னால் மரக்கிளைகள் ஒவ்வொன்றும் இரட்டைக் கோடாக நடுங்கின. மட்டமான லென்ஸ். சொந்தத் தோட்டம் இருக்கிறது என்று பீற்றிக்கொள்கிறவன் இப்படியா படம் எடுப்பான் என்று ஒரே போடாகப் போட்டான். அப்பா தங்கபாண்டியன் ஏலக்காய் வியாபாரி, காயை உள்ளங்கையில் உருட்டியே தரம் சொல்லிவிடுவார். மகனுக்கும் அந்தக் கண் வாய்த்துவிட்டதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு பேரையும் மறுபேச்சில்லாமல் வேண்டாம் என்றுவிட்டார்.

மூன்றாவதாகத் தரகர் ஒச்சப்பன் அனுப்பியது சாம்சனின் படம். போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். ஒரே சபை, குடும்பமும் தோதான குடும்பம். படத்தைப் பார்த்ததும் பிரின்சுக்கு வயிறு எரிந்தது. அவ்வளவு அழகான பிளர். பின்னால் ஏலச்செடிகள் பச்சையாகக் கரைந்து நின்றன. நிழல் மரத்து இலைச் சந்துகளில் ஒழுகிய வெயில் வட்ட வட்டமாக மிதந்தது. எந்த வட்டத்தின் விளிம்பிலும் கோடு விழவில்லை, உள்ளே வெங்காயத்தை அறுத்துவைத்த மாதிரி வளையமும் இல்லை. பெரிய லென்சின் வேலை. காய் எடுக்கிற ஆட்களை மேய்க்கிற பையனுக்கு மலைமேல் இது எங்கிருந்து கிடைத்தது?

சந்தேகம் வந்துவிட்டால் பிரின்சுக்குச் சோறு இறங்காது. ஒச்சப்பனைக் கேட்டான். யாரோ சிநேகிதன் எடுத்ததாம். நம்பரை வாங்கிச் சாம்சனையே கூப்பிட்டான்.

"என்ன லென்சு மாப்ளே அது?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. டவர் போய்விட்டதோ என்று பிரின்ஸ் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். பிறகுதான் குரல் வந்தது. "லென்சா? அதெல்லாம் தெரியாதுண்ணே."

தெரியாதவன் உடனே தெரியாது என்பான். இவன் யோசித்துவிட்டுத் தெரியாது என்கிறான். முழு அளவுப் படம் வேண்டும் என்று ஒச்சப்பனை நச்சரித்து வாங்கி, ஸ்டுடியோ லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே வீட்டுக்கு ஓடினான்.

"அப்பா, இவன் பக்கத்துல ஒரு பொண்ணு நின்னுருக்கா. வெட்டிட்டு அனுப்பியிருக்காங்க."

அம்மா ஜெயபாக்கியம் "ஏசப்பா!" என்று நெஞ்சில் கை வைத்தாள். கிருபாராணியின் முகத்தில் ரத்தம் இல்லை. பாவம், எவ்வளவு ஆசையாக இருந்தாளோ என்று பிரின்சுக்கு மனம் பொங்கியது. இவனைத் தோலுரிக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டான்.

"பொண்ணுன்னு எப்படிச் சொல்ற?" என்றார் தங்கபாண்டியன்.

"தோளு வலது பக்கமாச் சாயுது பாருங்க. ஆம்பளை பக்கத்துல நின்னா எவனும் இப்படிச் சிரிக்க மாட்டான். வெட்டுனதுக்கு வேற அத்தாட்சி இருக்கு. கடைக்கு வாங்க, கண்ணால காட்டுறேன்."

தங்கபாண்டியனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தம்பி மகள் தானாக ஒருத்தனைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள் என்பதற்காகத் தம்பி வீட்டுச் சாவுக்குக்கூடப் போகாத மனுஷன். ஏற்கெனவே ஒருத்தியோடு சிரித்து நின்றவனுக்கு மகளைக் கொடுப்பாரா? மறுநாள் சாயங்காலம் குடும்பத்தோடு ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். கிருபாராணி மட்டும் "எதுக்குண்ணே இதெல்லாம், வேண்டாம்னா வேண்டாம்னு விட்ருங்க" என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தாள். ஸ்டுடியோவில் ஆல்பம் வேலையெல்லாம் அவள்தான் பார்க்கிறாள், ஒரு சாவி அவளிடமும் இருக்கும். ஆனால் இன்றைக்கு உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிரின்ஸ் சுவர் முழுக்கச் சீரியல் லைட்டைத் தொங்கவிட்டான். அம்மாவை முன்னால் ஸ்டூலில் உட்கார வைத்தான். பெட்டியைத் திறந்து எண்பத்தைந்து எம்.எம். லென்சை எடுத்தான். அவன் சொத்தில் பெரிய சொத்து அது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் வாரக்கணக்கில் பெட்டியிலேயே கிடந்தது. மலைப்பக்கம் சாரலில் கெட்டுவிடும் என்று குரங்கணிக்குக்கூட அதைக் கொண்டு போனதில்லை. அம்மாவை ஒரு படம் எடுத்து லேப்டாப்பில் போட்டான்.

"நடுவுல இருக்கிற லைட்டைப் பாருங்க, முழு வட்டம். ஓரத்துக்குப் போகப் போக எப்படி இருக்கு?"

தங்கபாண்டியன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "நசுங்குது. ரெண்டு முனையும் கூராகி ஏலக்காய் கணக்கா இருக்கு."

"அதேதான். லென்சு எதுவானாலும் நடுவுல வட்டம், ஓரத்துல ஏலக்காய். இப்ப அவன் படத்தைப் பாருங்க. இடது ஓரம் ஏலக்காய். வலது ஓரம்?"

"முழு வட்டம்."

"ஓரத்துல எப்படிப்பா முழு வட்டம் வரும்? அது ஓரமே இல்ல, நடு. அதுக்கு அங்கிட்டு இன்னும் பாதிப் படம் இருந்திருக்கு. அதுலதான் அவ நின்னுருக்கா."

தங்கபாண்டியன் நிமிர்ந்தார். முகம் இறுகிவிட்டது. "போதும். ஒச்சப்பனுக்குப் போனைப் போடு" என்றார்.

பிரின்ஸ் வெற்றிக் களிப்பில் அம்மாவின் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினான். வட்டத்துக்குள் மயிரிழை போல ஒன்று நெளிந்தது. அடுத்த வட்டத்திலும் அதே நெளிவு, அதே இடத்தில். லென்சுக்குள் பூசணம்! சாரல் பக்கமே போகாத லென்சில் பூசணம் எப்படி? எரிச்சலோடு பக்கத்தில் இருந்த சாம்சன் படத்தைப் பெரிதாக்கினான். அங்கேயும் வட்டத்துக்கு வட்டம் அதே நெளிவு. அதே இடம், அதே வளைவு.

பிரின்சின் லென்ஸ். அவன் பெட்டி. அவன் ஸ்டுடியோச் சாவி.

திரும்பிப் பார்த்தான். கிருபாராணி நிலையில் சாய்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை தவறாமல் பக்கத்து ஊர் சிலமலையில் சிநேகிதி பவித்ரா வீட்டுக்குப் போய்வருவதாகச் சொல்கிறவள். ஒரு தடவை மலையேறியதற்கெல்லாம் பூசணம் பிடிக்காது. மழையிலும் பனியிலும் பல தடவை போயிருக்கிறாள். கேமராவை ஏதோ பாறையில் வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சாம்சன் பக்கத்தில் நின்றிருக்கிறாள். பிறகு தன்னைத் தானே வெட்டிவிட்டு, தரகர் கையால் முறைப்படி வீட்டுக்குள் அவனைக் கொண்டுவந்திருக்கிறாள். ஊர் மாப்பிள்ளைகளுக்கெல்லாம் பின்னால் தேடிக்கொண்டிருந்தவன் சொந்த வீட்டைப் பார்க்கவில்லை. பிரின்சுக்கு ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது, அவளையா தன்னையா என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் சாம்சனின் முகத்தைப் பார்த்தான். எத்தனையோ மாப்பிள்ளைகளை நிற்க வைத்து, சிரிங்க சிரிங்க என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான். ஒருத்தன்கூட இப்படிச் சிரித்ததில்லை.

"என்னடா முழிக்கிற? போனைப் போடுறா" என்றார் தங்கபாண்டியன்.

"அப்பா, இருங்க." லேப்டாப்பைப் பாதி மூடினான். "நான் தப்பாப் பாத்துட்டேன்."

"என்னது?"

"இது வெட்டுன படம் இல்ல. லென்சுல பூசணம் புடிச்சிருக்கு. பூசணம் புடிச்சா இப்படித்தான் வட்டம் எடம் மாறி விழும். பொண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல."

வாயில் வந்த பொய். லென்ஸ் பிடித்த எவனும் கேட்டால் சிரிப்பான். தங்கபாண்டியன் லென்ஸ் பிடித்தவர் இல்லை, ஆனால் மகனை வெகுநேரம் பார்த்தார்.

"இப்பத்தானடா அடிச்சுச் சொன்ன?"

"தெரியாமச் சொல்லிட்டேன்ப்பா."

ஸ்டூலில் இருந்த ஜெயபாக்கியம் மெதுவாக எழுந்தாள். "அப்ப முன்ன வந்த அந்த ரெண்டு பையன்களயும் இப்படித்தான் கெடுத்தியா?" என்றாள்.

கெடுத்திருக்கலாம் என்று பிரின்சுக்கு முதன்முறையாகத் தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டான்.

தங்கபாண்டியனே ஒச்சப்பனைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டாரை வரச்சொன்னார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மகனிடம் திரும்பினார். கோபம்கூட இல்லை, அழுகின காயை ஒதுக்கும் முகம்தான் இருந்தது.

"கல்யாணப் போட்டோவுக்கு நான் வேற ஸ்டுடியோல சொல்லிக்கிறேன். நீ பந்தியக் கவனி."

ஒரே தங்கச்சி. கூரைச் சேலையில் அவள் வந்து நிற்கும்போது கேமராவுக்குப் பின்னால் வேறு எவனோ நிற்கப்போகிறான். பிரின்ஸ் லென்சைக் கழற்றிப் பெட்டியில் வைத்தான். "சரிப்பா" என்றான்.

நிலையில் நின்ற கிருபாராணி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

"நல்ல காரியம் பேசுறப்ப எதுக்கு அழுகுற?" என்று அதட்டினார் தங்கபாண்டியன். "போட்டோ நல்லா வரணும்னுதான் சொல்றேன்."