ஊசியம்மா மாற்றிக்கொண்ட முகம்

ஆஸ்பத்திரி லேபில் முப்பத்தொரு வருடம் ஊர்ப்பட்ட ஜனத்தின் கையைக் குத்தி ரத்தம் எடுத்தவள் என்பதால் அவளுக்கு ஊசியம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. ரிட்டையராகி இரண்டு வருடம் கழித்து, அறுபது வயதில், தோல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்து தன் கையை நீட்டியிருந்தாள். தெரிந்தால் லேபில் ஒரு வாரம் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டியை அம்மா என்று கூப்பிடவில்லை.

இவள் வீட்டில் கூப்பிடுகிறார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர். எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில் முனகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். நாலு வருடமாக ஞாபகம் மாடி மாடியாக இறங்கி, இப்போது கல்யாணமான புதிதில் வந்து நிற்கிறது. அங்கே அவருக்கு இருபத்தாறு வயதில் ஒரு பெண்டாட்டி இருக்கிறாள். எதிரே நிற்கிற இந்தக் கிழவி அவரைப் பெற்றவள். அம்மா ஊட்டினால் சமர்த்தாக வாயைத் திறப்பார். வாயைத் துடைத்துவிடும்போது தினமும் ஒரே கேள்விதான்.

"அம்மா, அவ இன்னும் வரலியா? எம்மேல கோவமா?"

"நான்தான் அது," என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"சும்மா இரும்மா, விளையாடாத," என்று வெட்கத்தோடு சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் அவளை இங்கே கொண்டுவந்து தள்ளியது. அந்தப் பழைய முகம் முழுசாகக்கூட வேண்டாம், ஜாடை போதும். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். வீட்டில் சும்மா உட்கார்ந்து அழுவதைவிட இது மேல் என்று கிளம்பி வந்துவிட்டாள்.

"ரெண்டு வைத்தியம் இருக்கு, ரெண்டுமே உங்க ரத்தம்தான்மா," என்றார் டாக்டர். "இந்த டியூப்ல ரத்தம் உறையாம இருக்க மருந்து இருக்கு. மெஷின்ல சுத்தினா மேல மஞ்சளா தண்ணி நிக்கும், அதைத்தான் முகத்துல ஊசியாப் போடுவோம். பி.ஆர்.பி.ன்னு பேரு. சட்டுனு வேலையக் காட்டும், சட்டுனு அடங்கிடும். இன்னொண்ணு பி.ஆர்.எஃப். மருந்தே கிடையாது. கூழாட்டம் உறைஞ்சு, தோலுக்குள்ள மெதுவா வேலை செய்யும். கூடக் கொஞ்ச நாள் நிக்கலாம். ஆனா மூணு நாலு நாள் முகம் வீங்கும்."

"வயசு எவ்வளவு குறையும் டாக்டர்?"

"வயசு குறையாதும்மா. முகத்துல களைப்பு கொஞ்சம் குறையும்."

நேர்மையான டாக்டர். ஊசியம்மாதான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நர்ஸ் இரண்டு டியூபோடும் நின்றாள். ஊசி இறங்குமுன் எது என்று சொல்லியாக வேண்டும். மருந்தில்லாத டியூபில் விழுந்த ரத்தம் யாருக்காகவும் காத்திருக்காது என்று ஊசியம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சீக்கிரம் வருவதை எடுத்தால் அந்தப் பெண்டாட்டி கொஞ்ச நாள் வந்திருந்துவிட்டுப் போய்விடுவாள். வந்தவள் மறுபடி போவதை அந்த மனுஷன் தாங்குவாரா? நிற்பதை எடுத்தால், அது பலன் தருவதற்குள் பெண்டாட்டி என்று ஒருத்தி இருந்ததே அவருக்கு மறந்துபோகலாம்.

"நிக்கிறதே போடு," என்றாள். பேராசைதான், வேறென்ன.

வீட்டில் அப்பாவுக்குக் காவலிருந்த மகள் கதவைத் திறந்ததும் வாயில் கைவைத்தாள். "என்னம்மா இது, குளவி கொட்டினாப்பல?"

ஊசியம்மா சாப்பாட்டைப் பிசைந்து அவரிடம் எடுத்துப் போனாள். அவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நீங்க யாருங்க?"

அன்றிலிருந்து மகள்தான் ஊட்டினாள். ஐந்தாம் நாள் வீக்கம் வடிந்தது. மூன்றாவது வாரம் கண்ணுக்குக் கீழே இருந்த கருமை குறைந்து, கன்னத்தில் லேசாக மினுமினுப்புகூட வந்தது. என்ன கிரீம் என்று பக்கத்து வீட்டுக்காரி துருவித் துருவிக் கேட்டாள். வேலை செய்துவிட்டது. அதுதான் கொடுமை. அந்த முகத்தில் அவருக்குப் பெண்டாட்டியும் தெரியவில்லை, அம்மாவும் தெரியவில்லை.

பெண்டாட்டியைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டார். ஒரு மத்தியானம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா எங்க? சொல்லிக்காம போகமாட்டாளே," என்றார். "செத்துட்டாளா? எங்கிட்ட மறைக்கிறீங்களா?"

எழுபது வயது மனிதர் தாயில்லாப் பிள்ளையாகத் தேம்பினார். "இதோ நிக்கிறாங்க பாருங்கப்பா," என்று மகள் காட்டினாள். அவர் பார்த்தார். வீட்டுக்கு வந்த மனுஷி முன்னால் அழுதுவிட்ட கூச்சத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் மறந்துபோன கோடானுகோடி விஷயங்களில் இந்த அம்மா முகத்தை மட்டும் நோய் கொண்டுபோகவில்லை, ஊசியம்மாவே கொண்டுபோனாள். மகளிடமிருந்து சாப்பாட்டுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்கம்மா வந்துடுவாங்க. அதுவரைக்கும் என்னை ஊட்டச் சொன்னாங்க."

"அப்படிங்களா? ரொம்ப சந்தோஷங்க," என்று அவர் மரியாதையாகத் தலையாட்டினார். வாயை மட்டும் திறக்கவில்லை.