மூன்றாம் மாடியில் விழுந்த குரல்

அவளுக்குப் பல்செட் செய்கிற வேலை. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் அதன்மேல் சிவப்பு மெழுகை வளைத்து, ஒவ்வொரு பல்லாகப் பதிப்பாள். இருபத்திரண்டு வருடங்களாக இதுதான். 'பல் போனால் சொல் போச்சு' என்பார்கள். அப்படிப் பார்த்தால் எத்தனையோ பேருக்குச் சொல்லைத் திருப்பிக் கொடுத்தவள் அவள். ஆனால் தன் சொல்லைக் கேட்க அவளுக்கு வீட்டில் ஆள் கிடையாது.

நான்கு மாடிக் கட்டிடத்தில் மூன்றாம் மாடி. ஒரு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு சின்ன பால்கனி. கல்யாணம் என்று ஒன்று நடந்து நான்கே வருடத்தில் முடிந்துபோனது. அதன்பிறகு அக்காவோடு இருந்தாள். அக்கா தன் மகனோடு போய்விட்ட பிறகு வீட்டில் சத்தம் என்றால் குழாய், மிக்சி, கதவு, அவ்வளவுதான். வாரத்தில் ஆறு நாள் வேலையிடத்து மெஷின் இரைச்சலில் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைதான் தீராது.

அதனால்தான் தெருமுனைக் கடையில் ஒரு பழைய ஸ்பீக்கரை வாங்கினாள். டம்ளர் அளவுதான் இருக்கும். போனில் பாட்டைப் போட்டால் ஒயர் இல்லாமலே இதில் கேட்கும்.

"ஒரே நேரத்துல ரெண்டு போனோட சேரும்க்கா. வீட்ல ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாட்டு போட்டுக்கலாம்" என்றார் கடைக்காரர்.

வீட்டில் இருப்பது ஒருத்திதான் என்று அவள் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

வாங்கிய இரண்டாவது ஞாயிறு, மாலை ஐந்து மணி இருக்கும். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஓடிக்கொண்டிருந்த பாட்டு சட்டென்று நின்றது. ஸ்பீக்கருக்குள் மணி அடித்தது. தன் போன்தான் என்று நினைத்துக் கையைத் துடைப்பதற்குள் மணி நின்று ஒரு பெண்குரல் வந்தது.

"அப்பா?"

அவள் அப்படியே நின்றாள்.

"அப்பா, நான்தான். கேக்குதா?"

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடக்கூடத் தோன்றவில்லை. அந்தக் குரல் இன்னும் இரண்டு தடவை அப்பா என்றது. பிறகு கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் பாட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடத் தொடங்கியது. தன் போனை எடுத்துப் பார்த்தாள். அதில் யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

மறுநாள் மதியம் சாப்பிடும்போது மெருகுக்காரரிடம் கேட்டாள். அவள் செய்யும் பல்செட்டுகளைப் பாலிஷ் போடுகிறவர் அவர். போன், டிவி என்று எது கெட்டாலும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார்.

"பேயெல்லாம் இல்லக்கா, புளூடூத்" என்று சிரித்தார். "யாரோ வச்சிருந்த ஸ்பீக்கர்தானே? ஒரு தடவை ஒரு போனோட சேத்துட்டா ரெண்டும் ஒண்ணையொண்ணு ஞாபகம் வச்சுக்கும். நாமளா அழிச்சாத்தான் போகும். பக்கத்துல, ஒரு முப்பதடிக்குள்ள, அந்தப் பழைய போன் இருக்கு. நீங்க ஸ்பீக்கர ஆன் பண்ணினதும் அதுவும் வந்து ஒட்டிக்குது. அந்த போனுக்குக் கால் வந்து எடுத்தா பேச்சு பூரா உங்க வீட்ல விழும். இதுல மைக்கும் இருக்கு. நீங்க இருமினாக்கூட அந்தப் பக்கம் கேக்கும்."

"அப்போ போன் வச்சிருக்கறவருக்கு?"

"ஒண்ணும் கேக்காது. காதுல வச்சுக்கிட்டு ஹலோ ஹலோன்னு கத்த வேண்டியதுதான். அவர் கத்தறதும் போகாது. நீங்க ஸ்பீக்கர அணைச்சீங்கன்னா போதும், பேச்சு தானா அவர் போனுக்குப் போயிடும். ஒரு பட்டன்தான்."

ஒரு பட்டன்தான். அது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் தெரியாது என்ற சாக்கு அவளுக்கு இல்லாமல் போனதும் அதனால்தான்.

அடுத்த ஞாயிறு ஐந்து மணிக்குக் குரல் வந்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கை பட்டன் பக்கம் போனது.

"அப்பா, நீங்க எடுத்துட்டீங்கன்னு தெரியுது. பேசலேன்னாலும் பரவால்ல. வச்சிடாதீங்க, அது போதும். மூணு வருஷமா ஒரு வார்த்தை பேசல நாம. நான் பேசறேன், நீங்க கேளுங்க."

கை அங்கேயே நின்றது.

அந்தப் பெண் பேசினாள். வேறு ஊரில் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறாளாம். முட்டியில் ஆபரேஷன் ஆகி, இரண்டு மாதம் கரையில் நின்று விசில் மட்டும் ஊதினாளாம். தண்ணீருக்குப் பயப்படும் ஒரு குட்டிப் பெண் தினமும் வந்து, தினமும் அழுது, போன வாரம் யாரும் பார்க்காதபோது தானாகக் குதித்துவிட்டாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கேட்டுக்கொண்டிருந்தவளும் சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அது யாருடைய வீட்டுப் பேச்சு என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. "இன்னும் அந்த ரெண்டாவது மாடிதானா? முட்டி வலியோட தினம் ஏறி எறங்கறீங்களா? ஊரெல்லாம் லிஃப்ட் மாட்டினீங்க, உங்களுக்கு ஒண்ணு இல்ல பாருங்க" என்றாள் அந்தப் பெண். கட்டிடத்தில் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் ஒரு லிஃப்ட்காரர். ரிட்டயர் ஆனவர், மனைவி போன பிறகு தனியாக இருக்கிறவர், படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிடுகிறவர். இவள் வீட்டுக்கு நேர் கீழே அவர் வீடு.

ஒரு மாடி இறங்கிக் கதவைத் தட்டினால் முடிந்தது. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரமும் அதையேதான் நினைத்தாள். ஞாயிறு மதியமே வேலைகளை முடித்துவிடுவாள், பாத்திரச் சத்தம் இருக்கக்கூடாது என்று. ஐந்து மணிக்கு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, யாரோ வீட்டுக்கு வரப்போகிறார்கள் என்பதுபோல ஸ்பீக்கருக்கு எதிரே உட்காருவாள். திங்கட்கிழமை மெழுகில் பல் பதிக்கும்போது, அந்த நீச்சல் குட்டி இன்று குதித்திருப்பாளா என்று யோசிப்பாள்.

முதல் அழைப்பிலிருந்து ஐந்தாவது வாரம் அந்தப் பெண்ணின் குரல் தாழ்ந்திருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ப்பா. அம்மாவுக்கு ரொம்ப முடியலேன்னு சித்தி சொன்ன அன்னிக்கு நான் வரலேன்னுதானே கோபம்? வந்தேன். பஸ்ல வந்து நம்ம தெரு ஸ்டாப்புல எறங்கினேன். வீட்டு ஜன்னல் தெரிஞ்சுது. நீங்க குறுக்கயும் நெடுக்கயும் நடந்துகிட்டிருந்தீங்க. 'இனிமே இந்த வாசப்படி மிதிக்காத'ன்னு நீங்க சொன்னதுதான் காதுல நின்னுச்சு. அரை மணி நேரம் உக்காந்திருந்துட்டு அடுத்த பஸ்ல திரும்பிட்டேன். மறுநாள் காலைல அம்மா போயிட்டாங்க. யாருக்கும் தெரியாது இது."

இது ஒட்டுக் கேட்பது, திருட்டு என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. நாற்காலியில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் அணைக்கவில்லை. இதற்கு மேல் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

ஏழாவது ஞாயிறு.

"அவ்வளவு சொன்னேன், ஒரு செருமல்கூட வரல. கெணத்துல போட்ட கல்லு மாதிரி இருக்குப்பா. எனக்கும் அலுத்துப்போச்சு. இனிமே கூப்பிட மாட்டேன். உடம்பப் பாத்துக்கோங்க..."

அவள் பாய்ந்து பட்டனை அழுத்தினாள். ஸ்பீக்கர் அணைந்தது. வீடு கப்சிப் என்று ஆனது. காதைத் தரையில் வைக்காத குறையாக நின்றாள். கீழே இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. செருப்புக்கூடப் போடாமல் படியில் இறங்கினாள்.

கதவு திறந்திருந்தது. லிஃப்ட்காரர் கட்டில் ஓரத்தில், கையில் பட்டன் போனோடு உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும், வந்தது யார் என்றுகூட நினைக்காதவர் போலச் சொன்னார்:

"அவ பேசினாம்மா. ஏழு வாரமா கூப்பிட்டுட்டுப் பேசாம இருந்தா. இன்னிக்குப் பேசிட்டா. 'வச்சிடறேன்'னு மட்டும்தான் கேட்டுச்சு. கட் ஆயிடுச்சு."

நிலைப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்பீக்கர், கடை, மெருகுக்காரர் சொன்ன ஒரு பட்டன், அதைத் தெரிந்தும் அழுத்தாதது. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அவருக்கு உடனே பிடிபடவில்லை. பிறகு புரிந்தது.

"அது அவ வாங்கி அனுப்பினதுதான். அவ அம்மா எழுந்திரிக்க முடியாம கெடந்தப்ப, போனைக் கையில பிடிக்காம பேசறதுக்குன்னு. பாத்தாலே தாங்கல, தெருமுனைக் கடையில குடுத்துட்டேன்." கையிலிருந்த போனைத் திருப்பிப் பார்த்தார். "மத்த நாள்ல பால்காரர் கூப்பிட்டா நல்லாக் கேக்குது. இவ கூப்பிட்டா மட்டும் கேக்கல. போன் நல்லாத்தான் இருக்கு, இவதான் பேசலேன்னு நெனச்சேன். பேசாட்டியும் பரவால்ல, கூப்பிடறாளே, அதுவே பெருசுன்னு அவ வைக்கற வரைக்கும் காதுல வச்சுகிட்டு இருப்பேன்."

"என்னை மன்னிச்சிடுங்க."

"நானும் பேசினேம்மா" என்றார் அவர். "அவ கேக்கறான்னு நெனச்சு வாரா வாரம் பேசினேன். அதை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. அது எங்கயும் போகல."

அவர் தலையை ஆட்டினார். பிறகுதான் கோபம் வந்தது. "ஏழு வாரம்! ஒரு மாடி எறங்க உனக்கு ஏழு வாரமா? போ. முதல்ல வெளிய போ."

அவள் பாதிப் படி ஏறுவதற்குள் பின்னாலிருந்து கூப்பிட்டார். "நில்லு. என்ன சொன்னா?"

திரும்பி வந்து தரையில் உட்கார்ந்து சொன்னாள். முட்டி ஆபரேஷன், விசில், குதித்த குட்டிப் பெண், நின்றுகொண்டே சாப்பிடுகிற ராத்திரிச் சாப்பாடு என்று வாரம் வாரியாக, அந்தக் குரலில் இருந்த ஏற்ற இறக்கம்கூட விடாமல். அவர் நடுவில் ஒரு தடவை, "எந்த முட்டி?" என்று கேட்டார். "வலது" என்றாள். பஸ் விஷயத்துக்கு வந்தபோது மட்டும் நிறுத்திக்கொண்டாள். ஏற்கெனவே ஒன்றைத் திருடியாயிற்று. அதையும் தன் வாயால் கொடுப்பது இரண்டாவது திருட்டு என்று பட்டது.

"அவ்வளவுதானா?"

"என்கிட்ட இருக்கறது அவ்வளவுதான்."

"நீங்க என்ன பேசினீங்க அவகிட்ட?" என்று கேட்க வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் எழுந்தாள். அன்றைக்கே ஸ்பீக்கரைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவர் மகளைத் திருப்பிக் கூப்பிட்டார். அன்று அவள் எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தாள். அடுத்த வாரமே பையோடு வந்து இறங்கினாள்.

படியில்தான் இருவரும் எதிர்ப்பட்டார்கள். லேசாக நொண்டி ஏறிவந்த, தோள் அகன்ற பெண். இவள் தயங்கி ஒதுங்கி, "வாங்க" என்றதுமே, அப்பா சொன்ன ஆள் இவள்தான் என்று மகளுக்குத் தெரிந்துவிட்டது.

"மாடி வீட்டுக்காரங்க நீங்கதானா?"

"ஆமா."

"நான் உங்ககிட்ட சொல்லல அதெல்லாம்" என்றாள் மகள். சத்தமாகச் சொல்லவில்லை. "எங்கப்பாகிட்ட சொன்னேன்."

"தெரியும்மா. தப்புதான். தனியா இருக்கேன்னு சொன்னா அது நியாயம் ஆயிடாது."

மகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பஸ்ஸுல வந்தத... அதயும் அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. அத மட்டும் சொல்லல."

மகள் அவள் முகத்தைப் பார்த்தாள், நிஜமா என்று நிறுத்துப் பார்ப்பதுபோல. பிறகு, "சரி, நானே சொல்லிக்கறேன்" என்றாள். நன்றி சொல்லவில்லை. இவளும் எதிர்பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் கீழ்வீட்டில் கதவு வெகுநேரம் சாத்தியிருந்தது. ஒரு ஆண் அழும் சத்தம் வந்தது. இவள் பால்கனிக்குப் போய், காயாத துணியையெல்லாம் எடுத்து மறுபடி உதறிப் போட்டாள்.

இரண்டு மாதத்தில் லிஃப்ட்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு மகளோடு கிளம்பினார். கிளம்பும் அன்று மேலே ஏறிவந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"போயிட்டு வரேம்மா. அவ வீட்டுக்கு லிஃப்ட் இருக்காம். பழைய மாடலாம். போய்ப் பாக்கணும்."

"உக்காருங்க. காபி போடறேன்."

"வண்டி நிக்குது." திரும்பி இரண்டு படி இறங்கியவர் நின்றார். "உன்மேல கோபம் போகல. ஆனா நீ எறங்கி வரலேன்னா அவ அன்னிக்கோட விட்டிருப்பா. ரெண்டும் இருக்கு மனசுல." சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஒவ்வொரு படியாக இறங்கினார்.

பால்கனியிலிருந்து பார்த்தாள். சாமான் வண்டி முன்னால் போக, மகள் ஆட்டோவில் அப்பாவுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் மேலே பார்க்கவில்லை.

ஞாயிறு ஐந்து மணிக்கு அவள் இப்போது வீட்டில் இருப்பதில்லை. அந்த நேரம் வருவதற்கு முன்பே பூட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள். கடைத்தெருவைத் தாண்டி, பள்ளிக்கூட மதில் ஓரமாக நடந்து, கால் வலிக்கும் வரை போவாள். வழியில் போனில் பேசிக்கொண்டே யாராவது எதிரே வந்தால் கொஞ்சம் வேகமாக நடந்து அவர்களைக் கடந்துவிடுவாள்.