இடது கை

அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் ரொம்ப நாளாகவே கெட்டுக் கிடந்தது. தேர்வு முடிவு வந்தால் தலைமையாசிரியை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போவார். போன வருடம் வெளியிலிருந்து ஓர் அறக்கட்டளை உதவிக்கு வந்தது. சுண்ணாம்பு அடிக்கவில்லை, பெஞ்சு வாங்கித் தரவில்லை. ஒரே ஒரு வாசிப்பு டீச்சரை அனுப்பி வைத்தது.

அந்தப் பெண் வந்த பிறகுதான், ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேருக்கு எழுத்தே பிடிபடவில்லை என்ற குட்டு வெளிப்பட்டது. தலைமையாசிரியையின் தங்கை மகளும் அதில் ஒருத்தி. உடைந்த மேஜைகளை அடுக்கி வைத்திருந்த அறையில் பிள்ளைகளை உட்கார்த்தி, வாசிப்பு டீச்சர் எழுத்துக் கூட்டக் கற்றுக் கொடுத்தாள். ஒருநாள் தங்கை மகள் மருந்துக்கடைப் பலகையைத் தட்டுத் தடுமாறிப் படித்தபோது பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் ஒரு வருடம் இவள் இருந்தால் போதும், பிள்ளைகள் கரை சேர்ந்துவிடுவார்கள்.

அறக்கட்டளையிலிருந்து மேற்பார்வையாளர் வருகிறார் என்று தகவல் வந்தது.

"உள்ளது உள்ளபடி பார்க்கட்டும் டீச்சர். பசங்களுக்கு எதுவும் சொல்லிக் குடுத்துடாதீங்க" என்றாள் வாசிப்பு டீச்சர்.

தலைமையாசிரியை தலையாட்டினார். பழக்கம் விடுமா? ஆய்வுக்கு ஆள் வந்தால் அங்கே ஒரு பழைய வித்தை உண்டு. கேள்வி கேட்டதும் எல்லாரும் கை தூக்க வேண்டும். தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வலது கையாகப் பார்த்து டீச்சர் எழுப்புவார். முதல் நாளே கதவைச் சாத்திக்கொண்டு அவர் ஒத்திகை பார்த்துவிட்டார். மானம் என்று ஒன்று இருக்கிறதே!

வாசிப்பு டீச்சரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் வகுப்புக்குள் வந்தார். பலகையில் ஒரு வரி எழுதி, யார் படிப்பீர்கள் என்றார். தூக்காத கை இல்லை.

"நீங்களே எழுப்புங்க டீச்சர்."

அவர் எழுப்பிய பிள்ளைகள் எல்லாம் கணீரென்று படித்தார்கள்.

"அசந்துட்டேன் போங்க! இங்க எங்க வேலை முடிஞ்சிருச்சு. இதைவிட மோசமான ஸ்கூல் எத்தனையோ காத்துக்கிட்டிருக்கு. வாசிப்பு டீச்சரை அங்க அனுப்பிடறோம்."

தலைமையாசிரியை வெளியே நின்ற வாசிப்பு டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் போதும், அவள் இங்கேயே இருப்பாள். ஆனால் வாசலில் மற்ற ஆசிரியர்கள் வாயெல்லாம் பல்லாக நின்றார்கள். வெளியாள் ஒருவர் இந்தப் பள்ளியைப் பாராட்டி யாரும் கேட்டதே இல்லை.

"ரொம்ப நன்றி சார்" என்று வாய் சொல்லிவிட்டது. பாழாய்ப்போன நன்றி!

வாசிப்பு டீச்சர் கிளம்பும்போது கேட்டாள். "எப்படி டீச்சர்? போன வாரம்கூட எழுத்துக் கூட்டிக்கிட்டுதானே இருந்தாங்க?"

அவர் மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அந்த வகுப்பை அவரே எடுத்தார். பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு, "யாரு படிப்பீங்க?" என்று யோசிக்காமல் கேட்டுவிட்டார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. பாதிக்கு மேல் இடது கை. முதல் வரிசையில் தங்கை மகளும் கையை விறைப்பாகத் தூக்கியிருந்தாள்.

"இந்தக் கைதானே பெரியம்மா?" என்றாள்.