தலைவரின் கோட்டு

மனித குலத்தின் வலி வரலாறு இன்றோடு முடிகிறது என்று ஆய்வகத் தலைவர் அரங்கில் அறிவித்தபோது, அவருடைய வலது காலணி மேசைக்கு அடியில் கழன்று கிடந்தது. புதுக் காலணி, கடித்தது. மேசை விரிப்பு தரைவரை தொங்கியதால் கேமராக்களுக்கு அது தெரியவில்லை. மைக் ஒயரைச் சரிசெய்யக் குனிந்த ஊசிக்குத் தெரிந்தது.

ஊசி என்பது ஆய்வகத்தில் அவளுக்கு வைத்த பெயர். சுண்டெலியின் உள்ளங்காலை மெல்லிய நைலான் இழையால் குத்திப் பார்ப்பது அவள் வேலை. வலித்தால் எலி காலை வெடுக்கென்று இழுக்கும். இழுக்காவிட்டால் வலிக்கவில்லை என்று கணக்கு. உணர்வு நரம்புகளின் மேல் ரிசெப்டர் எனப்படும் ஓர் ஏற்பி உட்கார்ந்திருக்கிறது. உடம்பில் எந்தப் பொருள் வந்து அதைத் தட்டி எழுப்புகிறது என்று எவருக்கும் தெரியாததால் அதை அநாதை ஏற்பி என்பார்கள். அந்த அநாதையைத் தலைவர் தத்தெடுத்தார். அந்த ஏற்பி இல்லாமல் பிறக்கவைத்த எலிகளுக்கு வலி தெரியவில்லை என்று கட்டுரை வந்தது. பிறகு ஏற்பியை அடைக்கும் மாத்திரை வந்தது, அதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி வந்தது, பேட்டி வந்தது, புதுக் காலணியும் வந்தது.

மாத்திரைச் சோதனைக்குப் பெயர் கொடுத்தவர்களில் ஊசியின் சித்தியும் ஒருத்தி. அக்கி வந்து ஆறிய பிறகும் இடது விலாவில் வலி குடியிருந்துவிட்டது. மின்விசிறிக் காற்று பட்டாலே பல்லைக் கடிப்பாள். ஊசிதான் நம்பிக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். புது மாத்திரை தொடங்குமுன் பழைய மருந்தை நிறுத்தி உடம்பைக் காலியாக்க வேண்டும் என்றார்கள். சித்தி நிறுத்தினாள். அன்றிலிருந்து, மேல்துணி விலாவில் படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

தலைவர் விருது வாங்க வெளிநாடு போயிருந்தபோதுதான் அது நடந்தது. ஏற்பி இல்லாத எலிகள் காலை இழுத்தன. சும்மா இழுக்கவில்லை, உதறின, நக்கின. ஊசி இழையைச் சந்தேகித்தாள், பிறகு தன் கையைச் சந்தேகித்தாள், கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டிய ஆளின் ஞாபகம் வந்தது. எது எந்த எலி என்று அறையில் ஒருவருக்கும் தெரியாமல் சோதிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. தலைவருக்கு மட்டும் விலக்கு. விருந்தினர்களைக் கூட்டி வந்து, “பாருங்க, என் பிள்ளைங்க!” என்று காட்ட வேண்டுமே. ஏற்பி இல்லாத எலிகளைக் குத்தும்போதெல்லாம் அவர் கூண்டருகே நின்றார். சாதாரண எலிகளின் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததில்லை.

கதவுக்குப் பின்னால் அவருடைய வெள்ளைக் கோட்டு தொங்கியது. ஆண் வியர்வை, அதை மறைக்க அடித்த சென்ட், இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய மிருகத்தின் வாடை. ஊசி அதை எடுத்துப்போய்ச் சாதாரண எலிகளுக்கு எதிரே நாற்காலியில் மாட்டினாள். எலிகள் மூலையில் ஒடுங்கின. குத்தினாள். ஒன்றுகூடக் காலை இழுக்கவில்லை. பயந்த உடம்பில் வலி பின்வாங்கி நிற்கும். உயிர் முதலில், கால் அப்புறம். மரபணுவைத் திருத்த வேண்டாம், மாத்திரை வேண்டாம், தலைவர்கூட வேண்டாம். கோட்டே போதும்.

அவர் திரும்பி வந்த அன்று ஊசி எல்லாவற்றையும் சொன்னாள்.

“என் கோட்டை எடுத்து எலிக்குக் காட்டினியா?” என்றார். சொன்னதில் அவருக்கு உறைத்தது அது ஒன்றுதான்.

“சார், நீங்க பக்கத்துல நின்னா எல்லா எலியும் அப்படித்தான் இருக்கு. ஏற்பி இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி.”

“எலிக்குக்கூட என் மேல மரியாதை இருக்கும்மா. உனக்குத்தான் இல்ல.”

அடுத்த மேசைக்காரர் சிரித்துவைத்தார். அவருடைய பதவி உயர்வு நிலுவையில் இருந்தது.

“எங்க சித்தி பழைய மருந்தை நிறுத்திட்டுத் துடிக்கிறாங்க சார். அவங்கள மாதிரி இன்னும் எத்தனை பேரோ. பாவம் சார்.”

“உன் எலி பேச்சைக் கேட்டு நான் எதையும் நிறுத்த முடியாது. ஒரு மனுஷர் வந்து என் முகத்துக்கு நேரா, தாங்க முடியலன்னு சொல்லட்டும். மொத்தத்தையும் நிறுத்திடறேன். போதுமா?”

போதும் என்று நினைத்தாள் ஊசி. சித்தியைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? குழாய் ஒழுகினால் தெரு முனைவரை கேட்கும் வாய் அது.

பேருந்து ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏற, சித்தியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துணியைப் பிடித்த கை மட்டும் இறங்கவில்லை.

“ஏன்டி, எலி பயந்ததுக்கு நான் ஏன்டி எரியணும்?”

“இதையே கேளு சித்தி. ஒரு வார்த்தை மாத்தாம அவர்கிட்ட கேளு.”

“கேக்காம? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன் பாரு. உங்க சித்தப்பாவையே ஒரு வழி பண்ணினவடி நான். இந்தாளு எம்மாத்திரம்!”

முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். சித்தி அவரையும் முறைத்தாள். ஊசிக்குப் பல நாள் கழித்துச் சிரிப்பு வந்தது.

தலைவரின் அறையில் முதலில் வந்தது சென்ட். பின்னாலேயே கோட்டு போட்டுக்கொண்டு அவர் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பத்திரிகைக்காரர், கேமராவோடு. சித்தி நாற்காலி நுனிக்கு நகர்ந்து முதுகை நிமிர்த்தினாள். வீட்டிலிருந்து துணியைத் தூக்கிப் பிடித்துவந்த கை மெல்ல இறங்கி மடியில் உட்கார்ந்தது. துணி விலாவில் படிந்தது.

“சொல்லுங்கம்மா. வலி எப்படி இருக்கு?”

சித்தி அவருடைய பல்வரிசையைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள்.

“பரவாயில்லைங்க ஐயா. முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலை.”

“சித்தி!”

“நீ சும்மா இருடி, பெரியவங்க முன்னால.”

தலைவர் ஊசியைப் பார்க்கவே இல்லை. பத்திரிகைக்காரர் பக்கம் திரும்பி, “எழுதிக்குங்க, மருந்து வேலை செய்யுது” என்றார். கேமரா மின்னியது. சித்தி காலைக்கூட அசைக்கவில்லை.

சித்திக்கு இன்னும் ஒரு மாத்திரைகூடக் கொடுத்திருக்கவில்லை.